மன்றம் பாதியில் கலைந்தால்: வாசகர் கேள்வி - பதில்

(நகராட்சி அலுவலகத்தில் மன்றப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எங்கள் ஊர் கவுன்சிலர்களுக்குள் ஓயாத சண்டை. ஒரு கூட்டமும் உருப்படியாக நடப்பதில்லை. அரசு மன்றத்தைக் கலைத்துவிட்டால் உடனே தேர்தல் வருமா? புதிதாக வருகிறவர்கள் ஐந்து வருடம் இருப்பார்களா?
- மளிகைக் கடைக்காரர் ஒருவர்

பதில்: கலைத்த தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும். அரசியல் சாசனத்தின் 243-யு பிரிவு விதித்திருக்கும் கெடு அது. மாநில அரசு மனசு வைத்தால் நடத்தலாம், இல்லாவிட்டால் தள்ளிப் போடலாம் என்பதற்கு அதில் இடமில்லை. கலைப்பதற்கு முன்னால் மன்றத்தின் தரப்பைக் கேட்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. கூச்சல் போட்டார்கள் என்பதற்காக ராத்திரியோடு ராத்திரியாகக் கலைத்துவிட முடியாது.

ஐந்து வருடம் கிடைக்காது. பழைய மன்றத்துக்கு மிச்சமிருந்த காலம்தான் புதியவர்களுக்கு. 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றத்தை 2025 ஜனவரியில் கலைத்திருந்தால், ஜூலைக்குள் தேர்தல் நடந்திருக்க வேண்டும். ஜெயித்தவர்களுக்கு 2027 மார்ச் வரைதான் பதவி. மிச்சமிருப்பது ஆறு மாதத்துக்கும் குறைவு என்றால் அதற்காக ஒரு தேர்தல் நடத்த வேண்டிய கட்டாயம் இல்லை.

இந்தக் கெடுவின் அருமை சென்னைக்காரர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். மஸ்டர் ரோல் (தினக்கூலி ஆட்களின் வருகைப் பதிவேடு) ஊழல் புகார் எழுந்து 1973இல் சென்னை மாநகராட்சி மன்றத்தைக் கலைத்தார்கள். அடுத்த தேர்தல் வந்தது 1996இல். கலைத்த வருடம் பிறந்த குழந்தை வளர்ந்து, ஓட்டுரிமை வயதையும் தாண்டிய பிறகுதான் அந்த ஊருக்கு ஒரு மேயர் வந்தார். அன்றைக்கு ஆறு மாதம் என்ற விதி கிடையாது. அரசியல் சாசனத்தின் 74ஆவது திருத்தம் 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்த பிறகு கிடைத்த பாதுகாப்பு அது. சண்டை போடுகிற மன்றத்தைப் பார்த்துச் சலித்துப் போயிருக்கிறீர்கள், புரிகிறது. ஆனாலும் கலைக்க வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் அந்த 23 வருடத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: மன்றம் இல்லாத நாளில் தனி அலுவலர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார். கையெழுத்தும் சீக்கிரம் கிடைக்கிறது. பிறகு எதற்குச் செலவு செய்து தேர்தல்?
- ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், சேலம்

பதில்: நான் உட்கார்ந்திருந்த மேசையிலிருந்தே சொல்கிறேன். மன்றக் கூட்டத்துக்கு முன்னால் ‘பொருள்’ தயாராகும். பொருள் எண் இவ்வளவு, இந்தத் தெருவில் சிறுபாலம் கட்ட இத்தனை ரூபாய் மதிப்பீடு, மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் என்று எழுதி ஆணையர் கையெழுத்துப் போடுவார். கீழே ‘தீர்மானம்’ என்று ஒரு இடம் காலியாக இருக்கும். உறுப்பினர்கள் பேசி முடித்த பிறகுதான் அதில் ஏதாவது எழுத முடியும்.

ஒரு கூட்டத்தில் இப்படித்தான் ஒரு பொருளை வாசித்தேன். பின் வரிசையில் இருந்து ஒரு பெண் உறுப்பினர் எழுந்தார். “அந்தப் பாலத்தைப் போன வருஷமே கட்டியாச்சே சார், என் வீட்டு வாசல்ல இருந்து பார்த்தா தெரியும். மறுபடி எதுக்கு எஸ்டிமேட்?” என்று கேட்டார். பொறியாளர் கோப்பைப் புரட்டினார். யாரும் பதில் சொல்லவில்லை. தீர்மானத்துக்கான இடத்தில் ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்று எழுதினேன். அந்த அம்மா பெரிய படிப்பெல்லாம் படித்தவர் இல்லை. அந்தத் தெருவில் குடியிருக்கிறவர், அவ்வளவுதான்.

தனி அலுவலர், அதாவது மன்றத்துக்குப் பதிலாக அரசு உட்கார வைக்கிற அதிகாரி, இருக்கும் காலத்தில் அந்தப் பக்கத்தின் நிலைமையே வேறு. பல ஊர்களில் ஆணையரே தனி அலுவலர். மேலே ஆணையர் என்று கையெழுத்து, கீழே தனி அலுவலர் என்று கையெழுத்து. இரண்டும் ஒரே கை, ஒரே மை. நீங்கள் சொல்கிற வேகம் இதனால் வருவதுதான். நல்ல அதிகாரி வந்தால் நல்லது நடக்கும், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் எழுந்து நின்று கேட்க ஆள் இல்லை. கோப்பில் இருக்கிற பாலம் தெருவில் இருக்கிறதா என்று யார் சொல்வது?

பணத்தைப் பொறுத்தவரை, தேர்தல் நடத்தாமல் இருப்பதுதான் பெரிய செலவு. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் நகர்ப்புற மன்றங்களின் காலம் முடிந்தது. தேர்தல் அறிவிக்கையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த வாக்குப்பதிவு 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. இடைப்பட்ட காலத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இல்லை என்ற காரணத்தால் மத்திய நிதிக்குழுவின் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்கு வரும் மானியம் டெல்லியில் நின்றது. நம் ஊர்ச் சாலைக்கும் சாக்கடைக்கும் வர வேண்டிய பணம் அது. பெங்களூருவில் 2020 செப்டம்பரில் மன்றத்தின் காலம் முடிந்தது, அதன் பிறகு ஐந்து வருடம் ஆகியும் புது மன்றம் வரவில்லை. மும்பையும் 2022 மார்ச்சிலிருந்து மூன்று வருடத்துக்கு மேல் நிர்வாகியின் கையில் இருந்தது. காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையத்தின் கடமை என்று அகமதாபாத் மாநகராட்சித் தேர்தல் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்படியிருந்தும் இத்தனை ஊர்கள் காத்துக் கிடந்தன. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

கேள்வி: மேயர் ராஜினாமா செய்தால் நாங்கள் எல்லோரும் மறுபடி ஓட்டுப் போட வேண்டுமா?
- வாசகி, கோவை

பதில்: உங்கள் ஊர் இரண்டு விதத்தையும் பார்த்திருக்கிறது. 2011இல் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் 2014இல் அந்த இடம் காலியானபோது கோவை முழுக்க வாக்குச்சாவடி போட்டு செப்டம்பரில் இடைத்தேர்தல் நடந்தது. 2024 ஜூலையில் மேயர் விலகினார். ஆகஸ்டில் மன்றக் கூடத்தில் கவுன்சிலர்கள் கூடிப் புது மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். உங்கள் விரலில் மை வைக்க யாரும் வரவில்லை. காரணம், 2019 நவம்பரில் வந்த அவசரச் சட்டத்தோடு முறை மாறி, மேயரை கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பது என்றாகிவிட்டது. 1996, 2001இல் நேரடித் தேர்தல், 2006இல் மறைமுகம், 2011இல் மறுபடி நேரடி, 2022இல் மறுபடி மறைமுகம். எந்த முறை நல்லது என்று கேட்டால், நான் நேரடித் தேர்தல் பக்கம். மேயர் யாரிடம் பதில் சொல்ல வேண்டும் என்பதில் அப்போது குழப்பம் இருக்காது.

இன்றைய முறையில் ஒன்றைக் கவனியுங்கள். கட்சித் தாவல் தடைச் சட்டம் எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்குத்தான். நம் ஊர் கவுன்சிலருக்கு அது பொருந்தாது. மேயர் யார் என்று முடிவு செய்கிற அந்த நாளில் உங்கள் வார்டுக்காரர் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டாலும் அந்தச் சட்டம் அவர் பதவியைத் தொடாது. ஆகவே சின்னத்தை மட்டும் பார்க்காமல் ஆளையும் பாருங்கள்.

கேள்வி: வெளிநாடுகளிலும் இப்படித் திடீர் நகரத் தேர்தல் வருவது உண்டா?
- பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: உண்டு. ரோம் நகரத்தைச் சொல்லலாம். 2015 அக்டோபர் கடைசியில் 48 கவுன்சிலர்களில் 26 பேர் ஒரே நேரத்தில் ராஜினாமா செய்தார்கள். மேயர் இக்னாசியோ மரினோவின் பதவி அத்தோடு போனது. அரசு நியமித்த ஆணையர் சில மாதம் நகரத்தை நடத்தினார். 2016 ஜூனில் தேர்தல் வைத்து விர்ஜினியா ராஜ்ஜி மேயரானார், அந்த நகரத்தின் முதல் பெண் மேயர். அங்கே மிச்சக் காலக் கணக்கு இல்லை, அவர் 2021 வரை முழுதாக இருந்தார்.

கேள்வி: எனக்கு 22 வயது. இடையில் தேர்தல் வந்தால் சுயேச்சையாக நிற்க ஆசை. மிச்சம் இரண்டு வருடம்தான் இருக்கும் என்றால் நிற்பதில் அர்த்தம் உண்டா?
- சட்டக் கல்லூரி மாணவி

பதில்: தாராளமாக நில்லுங்கள் அம்மா. 21 வயது நிறைந்திருந்தால் போதும். அந்த நகரத்தின் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். இதை இன்றைக்கே பாருங்கள். திடீர்த் தேர்தலில் அறிவிப்புக்கும் மனு தாக்கலின் கடைசி நாளுக்கும் நடுவில் அதிக நாள் இருக்காது. வீடு மாறி, பட்டியலில் பெயர் மாறாமல் விட்டவர்கள் கடைசி நாளில் ஓடி வந்து கெஞ்சுவார்கள். அந்த நேரத்தில் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

அப்புறம் வரி. சொத்து வரி, குடிநீர்க் கட்டணம் பாக்கி இருந்தால் முதலில் கட்டி ரசீது வாங்கிவிடுங்கள். வீட்டில் யாராவது அந்த மாநகராட்சியில் ஒப்பந்த வேலை எடுத்திருந்தால் வக்கீலிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள், வேட்புமனுப் பரிசீலனையில் எதிர் வேட்பாளர் முதலில் தோண்டுகிற இடம் அது. 2022 தேர்தலில் மாநகராட்சி வார்டுக்கு டெபாசிட் 4,000 ரூபாய். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. தோற்றாலும் ஜெயித்தாலும் செலவுக் கணக்கைக் கொடுத்தே ஆக வேண்டும். டீ செலவைக்கூட அன்றன்றைக்கு எழுதி வையுங்கள்.

இரண்டு வருடம் போதுமா? போதும், ஆனால் எதையெல்லாம் செய்வேன் என்று நோட்டீஸ் அடிப்பதில் கவனம் வேண்டும். மதிப்பீடு, நிர்வாக அனுமதி, டெண்டர், பணி ஆணை என்று ஒரு சாதாரண வடிகால் வேலைக்கே மாதக் கணக்கில் பிடிக்கும். அதனால் ஒன்றிரண்டு வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜெயித்தால் முதல் கூட்டத்துக்கு முன்பே பொறியியல் பிரிவுக்குப் போய் உங்கள் வார்டின் நிலுவைப் பட்டியலைக் கேளுங்கள். பழைய உறுப்பினர் பாதியில் விட்ட வேலைகள் அதில் இருக்கும். புதிதாக ஒன்றைத் தொடங்குவதைவிட அவற்றை முடிப்பது சுலபம். பொருள் நிரல் கைக்கு வந்ததும், அதில் உங்கள் வார்டு சம்பந்தப்பட்ட ஒவ்வொரு இடத்தையும் கூட்டத்துக்கு முன்னால் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.