2025 ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட படங்களில் எதையெல்லாம் பார்த்தீர்கள்? உங்களுக்குப் பிடித்தது எது?

சிறந்த படத்துக்கான பட்டியலில் இருந்த பத்தில் ஐந்து, அனிமேஷனில் ஒன்று. அவ்வளவுதான் பார்த்தேன். எல்லாம் வீட்டு டிவியில்தான்.

ஒரே ஒரு படம் சொல்லு என்றால் 'ஐ ஆம் ஸ்டில் ஹியர்'. வால்டர் சாலஸ் இயக்கிய பிரேசில் படம். 1971 ஜனவரி, அங்கே ராணுவ ஆட்சி. ரியோவில் கடற்கரையோர வீட்டிலிருந்து ரூபன்ஸ் பைவா என்ற முன்னாள் எம்.பி.யை விசாரணைக்கு என்று கூட்டிப்போகிறார்கள். அவர் திரும்பி வரவே இல்லை. மனைவி யூனிஸ், ஐந்து பிள்ளைகள். உண்மையில் நடந்தது, மகன் எழுதிய புத்தகத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

வந்தவர்கள் கத்துவதில்லை, கதவை உடைப்பதில்லை. ஜன்னல் திரைகளை இழுத்து மூடுகிறார்கள். அதுவரை பிள்ளைகளும் நாயும் கடல்மணலோடு ஓடித் திரிந்த வீடு பகலிலேயே இருட்டாகிவிடுகிறது. வந்தவர்களுக்குச் சாப்பாடு வேண்டுமா என்று யூனிஸ் விசாரிக்கிறார். எனக்கு அங்கேயே வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டது.

அப்புறம் அவரையும் பிடித்துப்போய் 12 நாள் வைத்திருந்து அனுப்புகிறார்கள். வீட்டுக்கு வந்து உடம்பில் ஏறிய அழுக்கைத் தேய்த்துத் தேய்த்துக் குளிக்கிறார். ஒரு வார்த்தை பேசவில்லை. இன்னொரு இடத்தில், பத்திரிகைக்குப் படம் எடுக்க வந்தவர் குடும்பம் கொஞ்சம் சோகமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்கிறார். யூனிஸ் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறார். எல்லாரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். நான் அழுதது அந்தச் சிரிப்புக்குத்தான்.

கணவர் இறந்துவிட்டார் என்ற சான்றிதழ் கைக்கு வர 1996 ஆகிவிடுகிறது. அதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக நிற்கிறார். இலங்கையில், கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு 2017 முதல் போராடும் அம்மாக்களில் பலர், சான்றிதழ் வேண்டாம், என்ன நடந்தது என்று சொல்லுங்கள் என்கிறார்கள். இரண்டுமே நியாயமாகத்தான் படுகிறது.

யூனிஸாக நடித்த பெர்னாண்டா டோரஸுக்குச் சிறந்த நடிகை விருது கிடைக்கவில்லை. வயதான யூனிஸாகக் கடைசியில் வருவது அவருடைய சொந்த அம்மா, பெர்னாண்டா மாண்டினிக்ரோ. 1999-ல் அவரும் இதே பிரிவில், இதே இயக்குநரின் படத்துக்காகப் பரிந்துரைக்கப்பட்டு வெறுங்கையோடு திரும்பியவர். 'ஐ ஆம் ஸ்டில் ஹியர்' படத்துக்குச் சிறந்த சர்வதேசப் பட விருது கிடைத்தது. அந்தப் பிரிவில் பிரேசிலுக்கு அதுதான் முதல் முறை.

அடுத்தது 'ஃப்ளோ'. லாட்வியா நாட்டு அனிமேஷன், 85 நிமிடம், வசனமே கிடையாது. வெள்ளத்தில் மாட்டிய ஒரு பூனை, ஒரு படகு, கூடவே நாய், லெமூர், கேப்பிபாரா, நெடுங்கால் பறவை ஒன்று. காசு கொடுக்காமல் யாரும் இறக்கிக்கொள்ளக்கூடிய பிளெண்டர் மென்பொருளில் செய்திருக்கிறார்கள். அக்கா மகள் கூட உட்கார்ந்திருந்தாள். "ஏன் மாமா யாருமே பேசல?" என்று கேட்டவள், பத்து நிமிடத்தில் எல்லாப் பிராணிகளுக்கும் தானே டப்பிங் பேச ஆரம்பித்துவிட்டாள். பூனைக்குக் கொஞ்சம் திமிரான குரல். அந்தக் கேப்பிபாராவுக்குப் போட்டிருப்பது ஒட்டகக் குட்டியின் சத்தம் என்று பிறகு படித்தபோது, இவள் கொடுத்த குரலே தேவலை என்று தோன்றியது.

விருதை அள்ளியது 'அனோரா'. மொத்தம் ஐந்து, அதில் நான்கு ஷான் பேக்கர் ஒருவருக்கே. பணக்கார ரஷ்யன் வீட்டுப் பையன் நியூயார்க்கில் ஒரு கிளப் நடனப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறான்; கல்யாணத்தை ரத்து செய்ய அப்பாவின் ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் வந்ததும் பையன் ஓடிவிட, அந்த ஒற்றைப் பெண்ணை அடக்கமுடியாமல் அத்தனை பேரும் திண்டாடும் பகுதியில் விழுந்து விழுந்து சிரித்தேன். கடைசியில் பனி கொட்டும் காருக்குள் வைப்பர் ஓடும் சத்தமும் அவள் அழுகையும் மட்டும். நல்ல படம்தான். ஆனால் முதல் முக்கால் மணி நேரப் பார்ட்டியில் பாதியை வெட்டியிருக்கலாம். எடிட்டிங்குக்கும் சேர்த்து விருது கொடுத்திருக்கிறார்கள்!

'தி ப்ரூட்டலிஸ்ட்' மூன்றரை மணி நேரம், நடுவில் 15 நிமிடம் இடைவேளை. வெளிநாட்டு விமர்சகர்கள் இந்த இடைவேளையை அதிசயமாக எழுதியதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. நம் தியேட்டர்களில் ஒன்றரை மணி நேரப் படத்தைக்கூட வசனத்தின் பாதியில் நிறுத்திப் பாப்கார்ன் விற்பார்கள். படம் இடைவேளை வரை பிரமாதம். அதற்குப் பிறகு, இதுவரை நாமே புரிந்துகொண்டதையெல்லாம் மண்டையில் அடித்துச் சொல்கிறார்கள். 13 பரிந்துரை வாங்கிய 'எமிலியா பெரேஸ்' படத்தை இரண்டு தவணையில் முடித்தேன். ஆஸ்பத்திரியில் பாலின மாற்று அறுவை சிகிச்சை பற்றிய பாட்டு வந்ததும் எழுந்து டீ போடப் போய்விட்டேன்.

'கான்கிளேவ்' அப்பாவோடு பார்த்தது. போப் இறந்ததும் அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கக் கார்டினல்கள் கூடுகிறார்கள். அணி, பேரம், ரகசியம், குழிபறிப்பு எல்லாம் உண்டு. சப்டைட்டில் முழுக்க ஓடியும் அப்பா தூங்கவில்லை. "நம்ம கூட்டுறவு சங்க எலெக்ஷன்டா இது" என்றவர், மூன்றாவது சுற்றில் செய்தித்தாள் ஓரத்தில் யாருக்கு எத்தனை ஓட்டு என்று குறிக்கவே ஆரம்பித்துவிட்டார். அந்த வருடம் மே மாதம் நிஜமாகவே வாடிகனில் தேர்தல் வந்தது. முடிவைப் புகையால் அறிவிக்கும் புகைபோக்கியைக் காட்டிக்கொண்டே இருந்த டிவி முன்னால், "இன்னுமா எண்ணுறாங்க?" என்று அம்மா அலுத்துக்கொண்டார். "ஒவ்வொரு சீட்டையும் ஊசி நூல்ல கோக்கணும்ல, நேரமாகும்" என்றார் அப்பா, பல தேர்தல் பார்த்தவர் மாதிரி.