பதிப்பகங்களில் பன்முகத்தன்மை, மனநலம் என்பதெல்லாம் வெறும் அறிக்கைதானா?

பதிப்பகங்கள் பன்முகத்தன்மை, ஊழியர் மனநலம் என்று அடிக்கடி அறிக்கை விடுகின்றன, உள்ளே இருப்பவர்களுக்கு அதனால் ஏதாவது மாறியிருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். எடிட்டிங் பிரிவில் நெடுநாளாகக் குப்பை கொட்டும் அனுபவத்தில் சொல்கிறேன்: ஆள் எடுப்பது கொஞ்சம் மாறியிருக்கிறது. எடுத்த ஆளைத் தக்கவைப்பது மாறவில்லை.

எண்களிலேயே இது தெரியும். அமெரிக்காவில் லீ அண்ட் லோ என்ற சிறுவர் நூல் பதிப்பகம், பதிப்புத் துறையில் யார் யார் வேலை பார்க்கிறார்கள் என்று சில வருடங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறது. 2015-ல் வெள்ளையர் 79 சதவீதம், 2019-ல் 76, 2023-ல் 72.5. இறங்குமுகம்தான். ஆனால் 2019 கணக்கில் இன்னொன்றும் இருந்தது. பயிற்சிக்கு வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வெள்ளையர் அல்லாதவர்கள். எடிட்டிங் பிரிவிலோ 85 சதவீதம் வெள்ளையர். வாசல் வரை வந்தவர்கள் அப்புறம் எங்கே போனார்கள்?

சம்பளம் ஒரு காரணம். ஹார்ப்பர்காலின்ஸ் என்ற பெரிய பதிப்பகத்தின் ஊழியர்கள் 2022 நவம்பரில் நியூயார்க்கில் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது தொடக்கச் சம்பளம் வருடத்துக்கு 45,000 டாலர். மூன்று மாதப் போராட்டத்துக்குப் பிறகு, 2025-க்குள் 50,000 ஆக்க ஒப்பந்தமானது. அந்த ஊர் வாடகைக்கு அதுவும் எம்மாத்திரம்? வீட்டிலிருந்து பணம் வருகிறவர் தாக்குப்பிடிப்பார். மற்றவர் வேறு துறை பார்த்துப் போய்விடுவார்.

இன்னொரு காரணம் கணக்கில் வராத வேலை. ஒரு சமூகத்திலிருந்து ஒரே ஒருவர் இருக்கும் அலுவலகத்தில், அந்தச் சமூகம் வருகிற ஒவ்வொரு கையெழுத்துப் பிரதியும் அவர் மேசைக்கு வந்துவிடும். 'நீங்களும் ஒருமுறை பார்த்துடுங்க' என்ற ஒற்றை வரியோடு ஃபைல் வரும். இதே வேலையை வெளியாளிடம் கொடுத்தால் கட்டணம் உண்டு. உள்ளே இருப்பவருக்கு அது 'சின்ன உதவி'. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பக்கத்து இருக்கைத் தோழிக்கு இதுதான் நிலைமை. மார்ஜினில் முதலில் 'இந்த வர்ணனை இழிவாக இருக்கிறது' என்று எழுதுவார். அழித்துவிட்டு 'சில வாசகர்கள் தவறாக எடுத்துக்கொள்ளலாம்' என்பார். அதையும் அழித்துவிட்டுக் கடைசியில் 'இந்த வரி அவசியமா?' என்று கேள்வியாக்கி அனுப்புவார். எழுத்தாளர் முகம் சுளிக்கக்கூடாது, மேலதிகாரி 'ரொம்ப சென்சிட்டிவ்' என்று முத்திரை குத்தக்கூடாது என்பதற்காக ஒரு வரிக்கு மூன்று வேடம். தன்னைப் போன்றவர்களைப் பற்றிய வசையைத் திருத்துவதும் அவர்தான், அதைத் திருத்தியதற்காகத் தர்மசங்கடப்படுவதும் அவர்தான். இந்த மணிநேரம் எந்தத் திட்ட அட்டவணையிலும் ஏறாது.

புத்தகத் தேர்வுக் கூட்டம் இன்னொரு கூத்து. 'இதுமாதிரி புத்தகம் முன்பு எவ்வளவு விற்றது?' என்பதுதான் அங்கே முதல் கேள்வி. முன்பு போட்டிருந்தால்தானே விற்றிருக்கும்! ஒப்பிட அப்படியொரு புத்தகம் இல்லையென்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துப் போடுவார்கள். எழுத்தாளருக்குத் தரும் முன்பணம் குறையும், விளம்பரமும் குறையும், விற்பனையும் அதற்கேற்ப இருக்கும். அடுத்த முறை அந்த விற்பனையே சாட்சியாகிவிடும். 2020 ஜூனில் எழுத்தாளர்கள் தாங்கள் வாங்கிய முன்பணத்தைப் பொதுவெளியில் சொல்லத் தொடங்கியபோது கறுப்பின எழுத்தாளர்களுக்கும் வெள்ளை எழுத்தாளர்களுக்கும் இருந்த இடைவெளி பலரை அதிரவைத்தது. கூட்டத்தில் தனியாளாக வாதாடித் தோற்ற எடிட்டர்களுக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை.

மாற்றுத்திறனாளிகள் விஷயம் இதைவிட மோசம், ஏனென்றால் பேச்சிலேயே வருவதில்லை. பார்வைக் குறைபாடு உள்ளவர் வேர்ட் ஃபைலில் ஸ்க்ரீன் ரீடர் (திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) வைத்து நன்றாகவே எடிட் செய்வார். பக்கம் வடிவமைத்து, கையால் திருத்தம் போட்டு, ஸ்கேன் செய்த மெய்ப்பு (ப்ரூஃப்) பிடிஎஃப்பாக வந்ததும் அவர் வேலை நின்றுவிடும். அது வெறும் படம். கருவியால் அதைப் படிக்க முடியாது. திருத்தங்களை ஃபைலிலேயே போடச் சொன்னால் தீர்ந்தது. செலவு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை.

இப்போது மனநலம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் 'பர்ன்அவுட்' என்கிற வேலைச் சோர்வை நோயாக அல்ல, சரியாகக் கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவாக வரையறுத்தது. அப்படியென்றால் மருந்தும் பணியிடத்தில்தான் இருக்க வேண்டும், இல்லையா? எங்களுக்குக் கிடைப்பதோ தியான ஆப். வேண்டாம் என்று சொல்லமாட்டேன், சிலருக்கு உதவுகிறது. கவுன்சலிங் வசதி இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள்.

ஆனால் அழுத்தம் வரும் வழியைப் பாருங்கள். எழுத்தாளர் பிரதியை இரண்டு மாதம் தாமதமாகத் தருகிறார். அச்சகத்தில் தேதி பிடித்தாயிற்று, கடைகளுக்குப் பட்டியல் போயாயிற்று. வெளியீட்டு நாள் நகராது. அந்த இரண்டு மாதமும் எடிட்டிங்குக்கும் மெய்ப்புக்கும் ஒதுக்கிய நேரத்திலிருந்துதான் வெட்டப்படும். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் அனுபவம் குறைந்தவர்கள், சம்பளம் குறைந்தவர்கள், 'முடியாது' என்று சொல்லப் பயப்படுகிறவர்கள். புதிதாக, பன்முகத்தன்மைக்காக என்று எடுக்கப்பட்டவர்களும் பெரும்பாலும் அந்த வரிசையில்தான். இரண்டு பிரச்சினையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

நீங்கள் பதிப்பக வேலைக்கு நேர்காணல் போகிறீர்கள் என்றால் அவர்களுடைய கொள்கை அறிக்கையைக் கேட்காதீர்கள், அது எல்லாரிடமும் இருக்கும். பிரதி தாமதமானால் எந்தத் தேதி நகரும் என்று கேளுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை தலைப்புகள் கையில் இருக்கும், கூடுதலாகப் படித்துத் தரும் வேலைக்கு நேரமோ பணமோ ஒதுக்குகிறார்களா என்றும் கேளுங்கள். முடிந்தால் உங்களுக்கு முன் அந்த இடத்தில் இருந்தவரைத் தேடிப்பிடித்துப் பேசிவிடுங்கள். எத்தனை நாள் இருந்தார், ஏன் போனார் என்று அவரே சொல்லிவிடுவார்.