பாதரசத்தின் பிடி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: உயிர்வேதியியல் செய்முறை வகுப்பில், முட்டை வெள்ளைக்கருக் கரைசலில் மெர்க்குரிக் குளோரைடு என்னும் பாதரச உப்பைச் சில துளிகள் விட்டதும் கரைசல் வெண்மையாகத் திரண்டு அடியில் படிந்தது. பாதரசம் உடலுக்குள் போனாலும் நம் புரதங்கள் இப்படித்தான் திரண்டு போகின்றனவா? (கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: வீரம் என்று பழைய மருத்துவ நூல்கள் குறிப்பிடும் அந்த உப்பை ஒருவர் விழுங்கிவிட்டால், வாய், இரைப்பை, குடல் ஆகியவற்றின் உட்பரப்பில், நீங்கள் சோதனைக் குழாயில் கண்டதற்கு நெருக்கமான சிதைவு ஏற்படத்தான் செய்கிறது. அங்கே அதன் செறிவு மிக அதிகம். ஆனால் இரத்தத்தில் கலந்து செல்களைச் சென்றடையும் பாதரசத்தின் அளவு மிகச் சிறியது. அந்த அளவில் புரதங்கள் திரளுவதில்லை. கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாமல், கரைந்த நிலையிலேயே அவை செயலிழக்கின்றன என்பதுதான் இதில் அஞ்ச வேண்டிய செய்தி.

காரணம் கந்தகம். புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்களுள் சிஸ்டீன் என்பதன் நுனியில் ஒரு கந்தக அணுவும் அதனுடன் ஒரு ஹைட்ரஜன் அணுவும் உள்ளன. இத்தொகுதிக்குத் தயோல் என்று பெயர். பாதரச அயனி நெருங்கும்போது ஹைட்ரஜன் விலக, அந்த இடத்தைப் பாதரசம் பிடித்துக்கொள்கிறது. பாதரசம், கந்தகம் இரண்டுமே பெரிய அணுக்கள். அவற்றின் வெளி எலெக்ட்ரான்கள் எளிதில் நெகிழ்ந்து கொடுப்பவை. இத்தகைய மென்மையான இணைகள் ஒன்றையொன்று இறுகப் பற்றும் என்பதை 1963-இல் ரால்ஃப் பியர்சன் கோட்பாடாக வகுத்தார். ஆனால் வேதியியலாளர்கள் இந்த நாட்டத்தை அதற்கு நூறாண்டுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். தயோல்களுக்கு அவர்கள் இட்ட பழைய பெயரான மெர்காப்டன் என்பதற்கே ‘பாதரசத்தைப் பற்றுவது’ என்றுதான் லத்தீனில் பொருள்.

இரத்தத்தில் மிகுதியாக உள்ள ஆல்புமின் என்னும் புரதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அதிலுள்ள 585 அமினோ அமிலங்களில் 35 சிஸ்டீன்கள். அவற்றில் 34 சிஸ்டீன்கள் இரண்டிரண்டாகக் கைகோத்து 17 கந்தகப் பாலங்களாகிவிட்டன. முப்பத்து நான்காம் இடத்தில் இருக்கும் ஒரே ஒரு சிஸ்டீன் மட்டும் தனித்து நிற்கிறது. பாதரசம் வந்து அமரும் முதன்மையான இடம் அதுவே. ஆல்புமினில் அமர்வதால் பெரிய கேடு இல்லை. அதே பிடி ஒரு நொதியின் செயல்மையத்தில் உள்ள சிஸ்டீன் மீது விழுந்தால், பூட்டின் துளையில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல அந்த நொதி அப்படியே நின்றுவிடுகிறது. மேலும், பாதரச அயனிக்கு இரண்டு கைகள். அருகருகே உள்ள இரு கந்தகங்களைச் சேர்த்துப் பிடித்து, புரதத்தின் மடிப்பையே அது குலைத்துவிட வல்லது. நரம்பு செல்களின் உட்சட்டமான நுண்குழல்களைக் கட்டும் டியூபுலின் புரதத்தில் தயோல்கள் நிறைய இருப்பதால், அந்தக் குழல்களும் குலைகின்றன.

கந்தகத்தைவிடச் செலினியத்தின் மீது பாதரசத்துக்கு நாட்டம் இன்னும் அதிகம். ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து செல்லைக் காக்கும் தயோரெடாக்சின் ரிடக்டேஸ் என்னும் நொதியின் செயல்மையத்தில் இருப்பது செலினியம்தான். ஆகவே பாதரசம் சேதத்தையும் உண்டாக்குகிறது, சேதத்தைச் சரிசெய்யும் கருவியையும் முடக்குகிறது. செல்லுக்குள் காவலாக நிற்கும் குளுட்டாதயோன் தன் தயோலால் பாதரசத்தைப் பற்றி அப்புறப்படுத்த முயன்று, அந்த முயற்சியில் தானே குறைந்துபோகிறது.

இங்கே ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். பாடநூல்கள் பெரும்பாலும் பிடியின் இறுக்கத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. இறுக்கமான பிடிதான், ஆனால் நிலையான பிடி அன்று. வேறொரு தயோல் அருகில் வந்தால், பாதரசம் இதை விட்டு அதற்கு நொடியில் தாவிவிடும். ஆல்புமினிலிருந்து குளுட்டாதயோனுக்கும், அங்கிருந்து ஒரு நொதிக்கும் என அது கைமாறிக்கொண்டே உடல் முழுவதும் பயணம் செய்கிறது.

கேள்வி: வெப்பமானியில் உள்ள பாதரசத்தை விழுங்கினால்கூட ஆபத்து குறைவு என்கிறார்கள். மீனில் உள்ள பாதரசம் மட்டும் ஏன் மூளையைத் தாக்குகிறது? (வாசகர் ஒருவர்)

பதில்: திரவப் பாதரசத்தை விழுங்கினால் குடல் அதை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. ஆனால் அதன் ஆவியைச் சுவாசித்தால் ஏறத்தாழ 80 விழுக்காடு உடலில் தங்கும். மின்னூட்டமற்ற அணுக்களாக மூளைக்குள் நுழைந்து, அங்கே அயனிகளாக மாறிப் புரதங்களோடு பிணைந்துவிடும். ஆகவே உடைந்த வெப்பமானியை அலட்சியம் செய்ய வேண்டாம்.

மீனில் இருப்பது மெத்தில் பாதரசம். நீரடிச் சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் உருவாக்கும் இச்சேர்மத்தில், பாதரசத்தின் ஒரு கையை மெத்தில் தொகுதி பிடித்திருக்க, மறு கை மட்டும் சிஸ்டீனைப் பற்றுகிறது. இப்படி உருவாகும் இணைப்பு, உணவிலிருந்து கிடைக்கும் மெத்தியோனின் என்னும் அமினோ அமிலத்தை வடிவில் ஒத்திருப்பதால், மெத்தியோனினை மூளைக்குள் எடுத்துச் செல்லும் கடத்திப் புரதம் இதையும் ஏற்றிச் செல்கிறது. கருவில் உள்ள குழந்தைக்கும் நஞ்சுக்கொடி வழியாக இவ்வாறே செல்கிறது; தொப்புள்கொடி இரத்தத்தில் இதன் அளவு பெரும்பாலும் தாயின் இரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் ஒரு வேதித் தொழிற்சாலையின் கழிவால் நேர்ந்த நோய் 1956-இல் கண்டறியப்பட்டபோது, நோய்க்குறி அதிகம் இல்லாத தாய்மாருக்குக்கூடக் கடுமையான மூளைப் பாதிப்புடன் குழந்தைகள் பிறந்தன. நஞ்சுக்கொடி நஞ்சைத் தடுத்து நிறுத்தும் என்று அதுவரை நம்பியிருந்த மருத்துவம், அந்தக் குழந்தைகளைக் கொண்டுதான் உண்மையைக் கற்றது. இதை எழுதும்போது இன்றும் மனம் கனக்கிறது.

கேள்வி: கந்தகத்தைத் தேடி ஓடும் நஞ்சுதானே? கந்தகமுள்ள மருந்தைக் கொடுத்தே அதை வெளியேற்றிவிட முடியாதா? (அதே மாணவி)

பதில்: மருத்துவம் அதைத்தான் செய்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், ஆர்செனிக் கலந்த நச்சுப் புகைக்கு முறிமருந்தாக ஆக்ஸ்ஃபோர்டில் உருவான டைமெர்காப்ரால், அருகருகே இரண்டு தயோல்கள் கொண்டது. புரதத்திலிருந்து பாதரச அயனியைக் கவர்ந்து சிறுநீர் வழியே வெளியேற்றும். நான் மேலே சொன்ன கைமாறும் இயல்பே இங்கே மருந்துக்குத் துணை நிற்கிறது. ஆனால் மெத்தில் பாதரச நஞ்சேற்றத்துக்கு இதைக் கொடுப்பதில்லை; மூளையில் பாதரசம் மேலும் சேர இது வழிவகுக்கும். அங்கே டிஎம்எஸ்ஏ போன்ற வேறு தயோல் மருந்துகளைப் பயன்படுத்துகிறார்கள். அவை இரத்தத்தில் உள்ளதைக் குறைக்கும். அழிந்துபோன நரம்பு செல்லை மீட்காது.

அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த கேரன் வெட்டர்ஹான் அம்மையாரின் கையுறை மீது, 1996 ஆகஸ்டில், டைமெத்தில் பாதரசம் சில துளிகள் சிந்தின. ஏறத்தாழ ஐந்து மாதங்கள் கழித்து நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. மருந்து கொடுத்தார்கள், பாதரசமும் வெளியேறியது. ஆயினும் 1997 ஜூனில் அவர் காலமானார். அந்தச் சேர்மம் லேடெக்ஸ் கையுறையைச் சில நொடிகளில் ஊடுருவிவிடும் என்பது பின்னர் நடந்த சோதனைகளில் தெரியவந்தது. செய்முறை வகுப்பில் பாதரச உப்புகளைக் கையாளும்போது, எந்தப் பொருளுக்கு எந்தக் கையுறை என்பதை உங்கள் ஆசிரியரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். குழாயில் திரண்ட அந்த வெள்ளைப் படிவைக் கழுவுதொட்டியில் கொட்டாமல், பாதரசக் கழிவுக்கென்று வைத்துள்ள கலத்தில் சேர்த்துவிடுங்கள்.