‘எஸ்டர்டே’ இருக்கும் இடத்தில் ‘ஹேவ்’ எதற்கு?

ஆங்கிலத்தில் சந்தேகம் கேட்டு இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஏற்றுமதி அலுவலகங்களில் மின்னஞ்சல் எழுதுவோர் அனுப்பியவை. முழு வாக்கியத்தையும் எழுதி அனுப்புங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும், ஒற்றைச் சொல்லை மட்டும் எழுதிச் சரியா என்று கேட்பவர்கள் குறையவில்லை.

பனியனை ‘வெஸ்ட்’ என்று எழுதலாமா? (திருப்பூர்)

பையர், அதாவது சரக்கு வாங்குபவர், எந்த நாட்டவர் என்று சொல்லாமல் கேட்டால் எப்படி? பிரிட்டனில் ‘வெஸ்ட்’ என்றால் சட்டைக்கு உள்ளே போடும் நம் பனியன். அமெரிக்காவிலோ அது சட்டைக்கு மேல் போடும், கை வைக்காத கோட்டு. ‘பேன்ட்ஸ்’ அமெரிக்கருக்குக் கால்சட்டை, பிரிட்டிஷாருக்கு உள்ளாடை. பையர் தம் ஆர்டரில் எழுதிய சொல்லையே நீங்களும் எழுதுங்கள்.

‘ஃபேப்ரிக்ஸ்’, ‘மெஷினரீஸ்’ இரண்டும் சரியா? (கரூர்)

முதலாவது சரி, இரண்டாவது தவறு. துணியிலும் நூலிலும் பல ரகங்களைச் சொல்லும்போது ‘ஃபேப்ரிக்ஸ்’, ‘யார்ன்ஸ்’ என்று பன்மை வரும். மெஷினரி, எக்விப்மென்ட், ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன் ஆகியவற்றுக்கு ‘எஸ்’ சேர்க்கக் கூடாது.

‘வீ ஹேவ் டெஸ்பேட்ச்டு தி கூட்ஸ் எஸ்டர்டே’ என்று எழுதியதை மேலாளர் அடித்துவிட்டார். என்ன பிழை? (ஈரோடு)

மேலாளர் செய்ததே சரி. ‘ஹேவ்’ சேர்ந்த வினை, நடந்து முடிந்த செயலை இன்றைய நிலையோடு சேர்த்துச் சொல்வதற்காக இருப்பது. எஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ டேஸ் அகோ என்று முடிந்துபோன காலத்தைப் பெயர் சொல்லிக் குறித்துவிட்டால் அதற்கு அங்கே வேலை இல்லை. ‘வீ டெஸ்பேட்ச்டு தி கூட்ஸ் எஸ்டர்டே’ என்று எழுதுங்கள். அல்லது ‘எஸ்டர்டே’யை நீக்கிவிட்டு ‘ஹேவ்’ வைத்துக்கொள்ளுங்கள். ‘டுடே’, ‘திஸ் வீக்’ ஆகியவை இன்னும் முடியாத காலம் என்பதால் அவற்றோடு ‘ஹேவ்’ வரலாம்.

இந்தப் பிழை நம்மவரிடம் இவ்வளவு ஊறிப்போனதற்குத் தமிழும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். ‘நேற்றே அனுப்பிவிட்டோம்’ என்பதில் ‘விடு’ என்னும் துணைவினை வேலை முடிந்தது என்ற உறுதியைத் தருகிறது. அது ‘நேற்று’ என்ற சொல்லோடு எந்த உறுத்தலும் இல்லாமல் பொருந்துகிறது. அந்த உறுதியை ஆங்கிலத்திலும் காட்ட நினைப்பவர்கள் ‘விட்டோம்’ என்பதற்கு ஈடாக ‘ஹேவ்’ போட்டுவிடுகிறார்கள். மாணவர் செய்தால் திருத்தலாம். ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் நிலையம் ஒன்றின் பலகையிலேயே, ‘வீ ஹேவ் ஸ்டார்ட்டட் இன் 1998’ என்று ஓரடி உயர எழுத்தில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். உள்ளே போய்ச் சொன்னதற்கு, ‘பெயின்டர் தப்புங்க’ என்றார்கள். அடுத்த ஆண்டு பலகைக்குப் புதிதாக வண்ணம் பூசியிருந்தார்கள். ‘ஹேவ்’ மட்டும் அப்படியே இருந்தது.

‘ப்ரீபோன்’ என்ற சொல் உண்டா? (கோபிசெட்டிபாளையம்)

உண்டு. குறித்த நாளுக்கு முன்பே வைத்துக்கொள்வது என்று பொருள்படும் அதை ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இந்திய வழக்காகக் காட்டுகிறது. வெளிநாட்டவருக்கு எழுதும்போது ‘ப்ரிங் ஃபார்வர்டு’ என்பதே பாதுகாப்பு.

ஒவ்வொரு வரியிலும் ‘சார்’ போடாவிட்டால் மரியாதைக் குறைவா? (பொள்ளாச்சி)

நம் பேச்சின் ‘ங்க’வை ஆங்கிலத்திலும் தேடுகிறீர்கள். தொடக்கத்தில் ஒரு ‘டியர் சார்’ போதும். பிரிட்டிஷ் முறைப்படி அதற்கு முடிவு ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’. பெயர் சொல்லித் தொடங்கிய கடிதத்துக்கு ‘யுவர்ஸ் சின்சியர்லி’.

‘டிஸ்கஸ் அபவுட்’? (பெருந்துறை)

‘அபவுட்’ வேண்டாம்.

படம் அனுப்பியுள்ளேன். பிழை இருக்கிறதா? (ஊர் இல்லை)

இருக்கிறது. படத்தில் கடிதத்தின் வலப்பக்கம் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது; தெரிகிற பாதியில் மட்டும் மூன்று பிழைகள். முழு வாக்கியங்களையும் எழுதி அனுப்புங்கள்.