வளைவுச் சாலையை அகலப்படுத்தும் முன் ஒரு கயிற்றை எடுத்துக்கொள்ளுங்கள்

கேள்வி: எங்கள் ஊரைப் பிரதான சாலையுடன் இணைக்கும் ஏழு கிலோமீட்டர் தார்ச்சாலை வளைந்து வளைந்து செல்கிறது. சில இடங்களில் ஒரு வாகனம் ஒதுங்கினால்தான் மற்றொன்று போக முடியும். அவ்வப்போது விபத்துகள் நடக்கின்றன. பாதுகாப்புப் பணிகளுக்கு ஓரளவு நிதி கிடைக்கும் நிலை இருக்கிறது. சாலையை அகலப்படுத்த வேண்டும் என்கிறார்கள் சிலர். எல்லா வளைவுகளிலும் வேகத்தடை போட்டால் போதும் என்கிறார்கள் வேறு சிலர். திட்டமிடுவதை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: இரண்டு யோசனைகளையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அகலமும் புதுத் தாரும் கிடைத்த சாலையில் வாகனங்கள் வேகமெடுக்கும். வளைவோ பழைய வளைவாகவே இருக்கும். வளைவில் வாகனத்தை வெளிப்புறமாகத் தள்ளும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் வந்தவர் 60-இல் வந்தால் வேகம் ஒன்றரை மடங்குதான், விசை இரண்டேகால் மடங்கு. வளைவுக்குள் வேகத்தடை போடுவது அதைவிட மோசம். பைக் ஒரு பக்கம் சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும் நொடியில்தான் அதன் சக்கரம் தரையை விட்டு எழும்பும்.

திட்டத்தின் மையத்தில் இருக்க வேண்டியது ஒரே ஒரு ஒப்பீடு: ஒவ்வொரு வளைவும் எந்த வேகத்தைத் தாங்கும், ஓட்டுநர்கள் எந்த வேகத்தில் அதற்குள் நுழைகிறார்கள்? இந்த இரண்டு எண்களுக்கும் இடையே எங்கே வித்தியாசம் அதிகமோ அங்கேதான் பணம் போக வேண்டும். இரண்டையும் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை.

முதலில் வளைவின் ஆரம். அது குறையக் குறைய வளைவு இறுக்கமாகும். 20 மீட்டர் நீளமுள்ள கயிறும் ஓர் அளவுநாடாவும் போதும். போக்குவரத்து குறைந்த நேரத்தில், இருபுறமும் கொடியுடன் ஆட்களை நிறுத்திவிட்டு, வளைவின் வெளிப்புறத் தார் விளிம்பில் கயிற்றின் இரு முனைகளையும் இழுத்துப் பிடியுங்கள். கயிறு சாலையின் மேல் நேர்கோடாகக் கிடக்கும், விளிம்பு அதைவிட்டு விலகி வளைந்திருக்கும். கயிற்றின் நடுப்புள்ளியிலிருந்து விளிம்புவரை உள்ள தூரத்தை அளந்தால், அதுதான் வேண்டிய எண். நடு இடைவெளி 25 சென்டிமீட்டர் என்றால் ஆரம் ஏறக்குறைய 200 மீட்டர். 50 சென்டிமீட்டர் என்றால் 100 மீட்டர். ஒரு மீட்டர் என்றால் வெறும் 50 மீட்டர்தான். ஒரே வளைவில் தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடங்களில் அளந்து பாருங்கள். போகப் போக இடைவெளி கூடினால் அந்த வளைவு உள்ளே செல்லச் செல்ல இறுகுகிறது என்று பொருள். நுழையும்போது சரியாக இருந்த வேகம் பாதியிலேயே அதிகமாகிவிடும். இத்தகைய வளைவுகளைத் தனியாகக் குறித்துவையுங்கள்.

100 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 40 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும் வாகனத்துக்கு அதன் எடையில் எட்டில் ஒரு பங்கு அளவுக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு வேண்டும். 60 கிலோமீட்டரில் அது எடையின் கால் பங்கைத் தாண்டிவிடுகிறது. சாலையின் வெளிப்புறத்தை உயர்த்திச் சாய்வு கொடுத்திருந்தால் அதில் ஒரு பகுதியைச் சாய்வே ஏற்றுக்கொள்ளும். மீதியை டயர்தான் தாங்க வேண்டும். தேய்ந்த தார், மழை ஈரம், சிதறிய சரளை ஆகியவை சேர்ந்தால் அந்தப் பிடிப்பு கிடைக்காது.

அடுத்தது ஓட்டுநர்களின் வேகம். வளைவுக்கு முந்தைய நேர்ப்பகுதியில் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் போட்டு, ஓரமாக நின்று கைபேசியில் படம் பிடியுங்கள். 180-ஐ, அந்தத் தூரத்தைக் கடக்க ஆகும் நொடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று தெரிந்துவிடும். மூன்று நொடி என்றால் 60. முன்னால் வேறு வண்டி இல்லாமல் தாராளமாக வருபவர்களை மட்டும் கணக்கில் எடுங்கள். நூறு வாகனங்களை மெதுவானதிலிருந்து வேகமானது வரை வரிசையாக அடுக்கினால் எண்பத்தைந்தாவது வாகனத்தின் வேகம்தான் பொறியாளர்கள் வழக்கமாகப் பார்க்கும் எண். அதே அளவீட்டை வளைவின் நடுவிலும் செய்யுங்கள்.

நேர்ப்பகுதிக்கும் வளைவுக்கும் இடையே ஓட்டுநர் எவ்வளவு வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் ஆபத்தின் நல்ல அடையாளம். ரூடிகர் லாம் என்ற சாலை வடிவமைப்பு ஆய்வாளர் வகுத்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது: 10 கிலோமீட்டர் வரை குறைந்தால் நல்ல அமைப்பு, 10 முதல் 20 வரை சுமார், 20-ஐத் தாண்டினால் மோசம். உங்கள் சாலையிலேயே மிக இறுக்கமான வளைவு பெரும்பாலும் மிக ஆபத்தான வளைவாக இருக்காது என்று நான் சொல்வதும் இதனால்தான். ஐந்தாறு வளைவுகள் தொடர்ந்து வரும் இடத்தில் ஓட்டுநர் ஏற்கெனவே மெதுவாகத்தான் வருகிறார். நீண்ட நேர்ப்பாதையின் முடிவில், அதிலும் ஒரு மேட்டைத் தாண்டியவுடன், எதிர்பாராமல் எதிர்ப்படும் முதல் வளைவுதான் ஆளைக் கவிழ்க்கும்.

விபத்துப் பதிவுகளையும் கேட்டு வாங்குங்கள், ஆனால் அவற்றை மட்டும் நம்பித் திட்டமிட வேண்டாம். போக்குவரத்து குறைந்த கிராமச் சாலையில் ஓர் இடத்தில் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ விபத்து நடக்கலாம், அடுத்த ஆண்டு எதுவுமே நடக்காமல் போகலாம். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் தற்செயல் எது, சாலையின் குறை எது என்று பிரித்தறிய முடியாது. போன ஆண்டு விபத்து நடந்த வளைவைச் சரிசெய்துவிட்டு, அதே அமைப்புள்ள மற்ற நான்கு வளைவுகளை விட்டுவிட்டால் அடுத்த விபத்து அந்த நான்கில் ஒன்றில் நடக்கும். ஐராப் என்ற பன்னாட்டு அமைப்பு சாலைகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்கும்போது பார்ப்பதும் சாலையின் அமைப்பைத்தான்: வளைவு, ஓரம், மரம், கம்பம், நடப்பவர்களுக்கான வசதி. பதிவேட்டில் இல்லாத தகவல் சாலையோரத்திலேயே கிடைக்கும். மரத்தில் பட்டை உரிந்த வடு, சிறுபாலத்தின் உடைந்த கைப்பிடிச் சுவர், வயலுக்குள் இறங்கிய சக்கரத்தடம், உடைந்த விளக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் படம் எடுங்கள். வளைவருகே குடியிருப்பவர்களிடம், தினமும் அந்த வழியே ஓட்டும் பஸ் ஓட்டுநர்களிடம் கேளுங்கள். பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை, மழையில் ஒரு முறை, இரண்டு திசைகளிலும் சாலையைப் பாருங்கள்.

இனி வேலைகளுக்கு வருவோம். மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தருவது வளைவின் உட்புறத்துப் புதரை வெட்டுவது. 40 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் ஆபத்தைக் கண்டு, பிரேக் அழுத்தி, வண்டியை நிறுத்தச் சுமார் 46 மீட்டர் வேண்டும். 60-இல் வருபவருக்குச் சுமார் 83 மீட்டர். அவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால், அதே 100 மீட்டர் ஆர வளைவில், உட்புறமாக வரும் ஓட்டுநரின் பாதையிலிருந்து எவ்வளவு அகலத்துக்குப் பார்வையை மறைக்கும் எதுவும் இருக்கக் கூடாது தெரியுமா? 40 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை மீட்டர், 60-க்கு எட்டரை மீட்டருக்கும் மேல். இரண்டரை மீட்டரை ஒரே நாளில் அரிவாளால் வெட்டிவிடலாம். எட்டரை மீட்டர் என்றால் அடுத்தவர் நிலத்துக்குள் போக வேண்டியிருக்கும். அங்கே பார்வையை நீட்டுவதைவிட வேகத்தைக் குறைப்பதே நடைமுறைக்கு ஏற்றது. ஒரே வண்டி போகும் அளவுக்குக் குறுகிய இடத்தில் எதிரெதிரே வரும் இருவருமே நிறுத்த வேண்டும், ஆகவே பார்வைத் தூரம் இரட்டிப்பாகத் தேவை. வெட்டிய புதர் மறுபடி தழைக்கும் என்பதால், ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும் வெட்டுவது யார் பொறுப்பு என்பதைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்து, வளைவை முன்கூட்டியே அறிவிப்பது. வளைவுக்கு முன் எச்சரிக்கைப் பலகை, அதன்கீழ் பரிந்துரைக்கும் வேகம், வளைவின் வெளிப்புறத்தில் அம்புக்குறிப் பலகைகள் என்ற மூன்றும் ஒன்றாக வர வேண்டும். அம்புக்குறிப் பலகை ஒன்றே ஒன்று நட்டால் வளைவு இருப்பது மட்டுமே தெரியும். வரிசையாக நட்டு, எந்த நேரத்திலும் குறைந்தது இரண்டு பலகைகளாவது கண்ணில் படும்படி வைத்தால்தான் வளைவு எவ்வளவு இறுக்கமானது, எங்கே முடிகிறது என்பது இரவிலும் புரியும். ஒளியைத் திருப்பி அனுப்பும் தாள் ஒட்டிய பலகைகளையே கேளுங்கள். சாதாரண வண்ணம் அடித்த பலகை, மிகவும் தேவைப்படும் நேரத்தில் இருட்டோடு இருட்டாகிவிடும். ஒரே அளவு வேகம் குறைக்க வேண்டிய எல்லா வளைவுகளுக்கும் ஒரே மாதிரியான ஏற்பாடு இருக்கட்டும். சாதாரண வளைவுக்கும் பெரிய பலகை வைத்தால் ஓட்டுநர்கள் எந்தப் பலகையையும் நம்ப மாட்டார்கள். சாலை ஓரக்கோடும் இரவில் பெரிய உதவி. இரு வரிசையாக வாகனங்கள் செல்லும் அளவுக்கு அகலம் இருக்கும் பகுதிகளில் நடுக்கோட்டில், சக்கரம் ஏறியதும் அதிர்ந்து எச்சரிக்கும் அதிர்வுப் பட்டைகள் அமைக்கலாம். அமெரிக்காவில் 2009-இல் வெளியான ஆய்வொன்று, ஊரக இருவழிச் சாலைகளில் இவை எதிரெதிர் மோதலால் காயமோ உயிரிழப்போ நேரும் விபத்துகளை 44 சதவீதம் குறைத்ததாகக் கண்டது. சத்தம் அதிகம் வரும் என்பதால் வீடுகளுக்கு அருகில் வேண்டாம்.

பலர் கவனிக்காமல் விடுவது தாரின் விளிம்பை. குனிந்து பாருங்கள்: தாருக்கும் பக்கத்து மண்ணுக்கும் எவ்வளவு உயர வித்தியாசம்? ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டினாலே எனக்குக் கவலை வந்துவிடும். வளைவில் ஒரு சக்கரம் மண்ணில் இறங்கிவிட்டது என்று வையுங்கள். ஓட்டுநர் வண்டியை மேலே கொண்டுவர ஸ்டியரிங்கைத் திருப்புகிறார். டயரின் பக்கம் தார் விளிம்பில் உரசிக்கொண்டே வருகிறது, ஏறவில்லை. இன்னும் திருப்புகிறார். திடீரென்று டயர் ஏறிவிடுகிறது, ஆனால் சக்கரம் இப்போது தேவைக்கு மேல் திரும்பியிருக்கிறது. வண்டி ஒரே பாய்ச்சலில் எதிர்ப்பக்கம் போய் நிற்கிறது. ‘ஓட்டுநர் கட்டுப்பாட்டை இழந்தார்’ என்று பதிவாகும் விபத்துகளில் இப்படி நடந்தவையும் உண்டு. மண்ணைக் கொட்டிக் கெட்டித்து விளிம்புக்குச் சமமாக்குவது ஒரு வழி. தார் போடும்போதே விளிம்பை 30 பாகை சரிவாக அமைப்பது இன்னும் நல்ல வழி, டயர் மெதுவாக ஏறிவிடும். வளைவின் உட்புறத்தில் சக்கரங்கள் குறுக்கே வெட்டிப் போய்ச் சரளையைச் சாலைக்கு இழுத்துவரும் இடங்களில், அந்த ஓரத்துக்கு மட்டும் தாரோ கான்கிரீட்டோ போடுங்கள். பைக்கில் வருபவர்களுக்கு இது உயிர்காக்கும் வேலை.

சாலையை விட்டு விலகிய வண்டி எதில் மோதும் என்பதையும் கேட்க வேண்டும். வளைவின் வெளிப்புறத்தில் இருக்கும் மின்கம்பம், சிறுபாலச் சுவர், திறந்த கிணறு ஆகியவற்றை முதலில் அகற்றவோ இடம் மாற்றவோ பாருங்கள். முடியாவிட்டால் மட்டும் தடுப்பு. தடுப்பும் மோதும் பொருள்தான் என்பதால், அதன் பின்னால் இருப்பது தடுப்பைவிட ஆபத்தானதாக இருந்தால் மட்டுமே அதற்கு நியாயம் உண்டு. சரியாக முடிக்கப்படாத தகட்டுத் தடுப்பின் முனை காரைத் துளைத்துவிடும். விழுந்து சறுக்கிவரும் பைக் ஓட்டிக்குத் தடுப்பின் தாங்குதூண்களே எமன். வெளிவளைவில் தடுப்பு வைத்தால் கீழ்ப்பகுதியையும் மூடும் கூடுதல் தகடு கேளுங்கள். பழைய மரங்களை வெட்டுவதற்கு நான் எளிதில் சம்மதிப்பதில்லை. மரத்தை மறைத்துத் தடுப்பு வைப்பதோ அந்த இடத்தில் வேகத்தைக் குறைப்பதோ பெரும்பாலும் முடியும்.

குவிகண்ணாடி வைக்கலாமா என்றும் பலர் கேட்பார்கள். அது எதிரே வரும் வண்டியைச் சிறிதாகவும் தொலைவில் இருப்பதுபோலவும் காட்டும், பனியிலும் மழையிலும் மங்கிவிடும். தனி வீட்டு வாசலிலிருந்து சாலைக்கு ஏறுபவருக்கு ஓரளவு உதவும். சாலையில் செல்பவர்களுக்காக அதை நம்ப வேண்டாம்.

வீடுகளும் பள்ளியும் உள்ள பகுதியில் கணக்கு வேறு. நடப்பவர்மீது கார் மோதினால் அவர் பிழைக்க நல்ல வாய்ப்புள்ள வேகம் சுமார் 30 கிலோமீட்டர்வரைதான், அதற்கு மேல் ஆபத்து வேகமாகக் கூடும். அங்கே ஊர் தொடங்கும் நேர்ப்பகுதியில் வேகத்தடைகளை முறையான உயரத்தில், முன்னறிவிப்புப் பலகையுடன் அமைப்பது சரி. நடைபாதையும் அங்கேதான் முதலில் வேண்டும். சிறிய வேகக் குறைப்பை அற்பமாக நினைக்காதீர்கள். ஸ்வீடன் ஆய்வாளர் யோரான் நில்சன் உருவாக்கிய மாதிரியின்படி, உயிரிழப்பு விபத்துகள் சராசரி வேகத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறுகின்றன. சராசரி 60-லிருந்து 57-ஆகக் குறைந்தாலே அவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும்.

அகலப்படுத்துவதற்கும் இடம் உண்டு. இறுக்கமான வளைவில் நீண்ட பஸ்ஸின் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிட உட்புறமாக வெட்டிச் செல்லும். 50 மீட்டர் ஆர வளைவில், முன்பின் அச்சுகளுக்கிடையே ஆறு மீட்டர் உள்ள இரண்டு வாகனங்கள் கடக்கக் கூடுதலாக முக்கால் மீட்டர் அளவு வேண்டியிருக்கும். அந்த வளைவுக்கு மட்டும் உட்புறத்தில் அவ்வளவு சேருங்கள். ஏழு கிலோமீட்டரையும் அகலமாக்கத் தேவையில்லை.

திட்டத்தைக் கையளிக்கும் முன், அடுத்த தார் புதுப்பிப்பு எப்போது என்று சாலைப் பொறியாளரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெளிப்புறச் சாய்வைத் திருத்துவது, தண்ணீர் தேங்கும் தட்டையான இடங்களைச் சரிசெய்வது, விளிம்பைச் சரிவாக்குவது, வளைவின் உட்புறத்தைச் சற்று விரிப்பது எல்லாம் அந்தப் பணியோடு சேர்ந்தால் செலவு வெகுவாகக் குறையும். சேராவிட்டால் புதிய தார் அடுக்கு விளிம்பை இன்னும் உயர்த்தி, நீங்கள் நிரப்பிய மண்ணை வீணாக்கிவிடும். புதர் வெட்டுதல், பலகைகள், ஓரத்து மண் ஆகியவை அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

முதல் கட்டம் முடிந்து ஒரு மாதம் கழித்தும், ஓராண்டு கழித்தும் அதே 50 மீட்டரில், அதே நேரத்தில் வேகத்தை மறுபடி அளந்து பாருங்கள். விபத்து எண்ணிக்கையை வைத்து எதையும் சொல்ல மூன்று ஆண்டுகளாவது பொறுக்க வேண்டும், வேகம் அதற்கு முன்பே உண்மையைச் சொல்லிவிடும். பலகைகள் வைத்தும் வேக வித்தியாசம் 20-க்குக் கீழே வராத வளைவு ஏதாவது மிஞ்சினால், பிடிப்பு மிகுந்த மேற்பரப்பு, நேர்ப்பகுதியிலேயே தொடங்கும் குறுக்குப் பட்டைகள், கடைசியில் வளைவையே மாற்றி அமைப்பது என்ற வரிசையில் அந்த ஒரு வளைவுக்கு மட்டும் அடுத்த கட்ட நிதியைக் கேளுங்கள்.