மெட்ராஸ் எலி

அன்புள்ள ஐயாவுக்கு,

எனக்குச் சொந்த ஊர் கோத்தகிரி. கீழே சமவெளியில் எம்பிபிஎஸ் மூன்றாமாண்டு படிக்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) மருத்துவ மாணவர்களுக்காக நடத்தும் எஸ்டிஎஸ் என்ற குறுகியகால ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள் சீனியர்கள். அப்பாவோ, ‘நீட் பிஜிக்குப் படிக்கிற வழியைப் பார்’ என்கிறார். படிக்கும்போதே ஆராய்ச்சி அவசியமா? என் ஆங்கிலமும் சுமார்தான். நல்ல தலைப்பு ஒன்று சொல்வீர்களா?

லீவில் பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வரிசையில் நின்ற கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர், பிரஷர் மாத்திரையை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போடுவாராம். “போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருது பாப்பா, தேயிலைக்குள்ள எங்க போறது?” என்றார். சிரிப்பு வந்துவிட்டது.

எம்.

அன்புள்ள எம்.,

தலைப்பு கேட்டு எழுதிய கடிதத்திலேயே தலைப்பை எழுதிவிட்டு, சிரித்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். பக்கத்தில் இருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

எஸ்டிஎஸ் 1979லிருந்து நடக்கிறது. இரண்டு மாத வேலை, உங்கள் கல்லூரி ஆசிரியர் ஒருவர்தான் வழிகாட்டி. அதனால் நீட் முழுகிப்போகாது என்று அப்பாவிடம் சொல்லுங்கள். ஆங்கிலத்தை வழிகாட்டி திருத்துவார், விடுங்கள்.

என் பயம் வேறு. நீங்களும் ஒரு கூகுள் ஃபார்ம் தயாரித்து, ஹாஸ்டல் வாட்ஸப் குழுவில் போட்டு, ‘விழிப்புணர்வு பற்றிய ஆய்வு’ என்று முடித்துவிடுவீர்களோ என்பதுதான். அதற்குப் பேசாமல் நீட்டுக்கே படிக்கலாம்.

என் தாத்தா குன்னூரில் எலி நிறுத்தவர். சிரிக்காதீர்கள், அதுதான் வேலை. சிம்ஸ் பார்க் பக்கத்தில் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ராபர்ட் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் இருந்தது. இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் சாப்பிடுவதையே தனித்தனி எலிக்கூட்டங்களுக்குப் போட்டு எடை பார்த்தார்கள். ரொட்டியும் பாலும் தின்ற சீக்கியச் சாப்பாட்டு எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. அரிசிச்சோற்று மெட்ராஸ் எலிகள் கடைசி. அதை நோட்டில் எழுதிவிட்டு வந்து தாத்தா சாப்பிட்டதும் அதே சோறுதான். வீட்டில் ஒல்லியாக எந்தக் குழந்தை பிறந்தாலும் ‘மெட்ராஸ் எலி’ என்பார். நானும் ஒரு மெட்ராஸ் எலி. 1958இல் ஆய்வுக்கூடம் ஹைதராபாத்துக்குப் போனது. தாத்தா போகவில்லை.

கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் பிராக்டிகல் ரெக்கார்டில் நண்பனின் ரீடிங்கைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். தாத்தாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது, எண் தெரியும். இரண்டு நோட்டையும் மாறிமாறிப் பார்த்தார். “எலி செத்தா செத்ததுன்னு எழுதணும்டா. பொழைச்ச மாதிரி எழுதப்படாது” என்றார். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவதை இருபது வயதில் பழகாதவருக்கு நாற்பதில் வராது. 1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் பெர்லினில் மருத்துவ மாணவர். கணையத்தில் திட்டுத்திட்டாகச் சில செல்களைப் பார்த்தார், எதற்கென்று புரியவில்லை. புரியவில்லை என்றே ஆய்வேட்டில் எழுதினார். அந்தத் திட்டுகளில் சுரப்பதுதான் இன்சுலின், அது 1921இல்தான் கைக்கு வந்தது. தினமும் காலையில் வயிற்றில் ஊசி குத்திக்கொள்ளும்போது அந்தப் பையனை நினைத்துக்கொள்வேன். புரிந்த மாதிரி எதையாவது எழுதியிருந்தால் மார்க் கூடக் கிடைத்திருக்கும்.

உங்கள் அக்காவுக்கு வருவோம். எந்த மாத்திரை என்று பார்த்தீர்களா? சிறுநீரைப் பிரிக்கிற வகையா? எத்தனை மணிக்குப் போடுகிறார்? பறிக்கிற இடத்திலிருந்து கழிப்பறை எவ்வளவு தூரம்? ஒன்றும் கேட்கவில்லை! கூட இருக்கும் மற்ற பெண்களிடமும் கேட்டு ஆய்வாகச் செய்வதென்றால் கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும். விண்ணப்பத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் அவரைத் தேடிப் போய்ப் பாருங்கள். ஆறு நாள் மாத்திரை போடாததை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். வேறு மாத்திரை தரலாம், நேரத்தை மாற்றித் தரலாம். உங்கள் ஆய்வு முடிகிறவரை அவர் பிரஷர் காத்திருக்காது.

திரும்பும்போது குன்னூரில் இறங்கிவிட்டுப் போங்கள். எங்கள் வீட்டில் மெட்ராஸ் எலிச் சாப்பாடுதான் இருக்கும்.