பரிசுக் காருக்கு வரி கேட்கிறார்கள், கட்டலாமா?

கேள்வி: நாங்கள் நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். கணவர் பெயருக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு கவர் வந்தது. உள்ளே சுரண்டும் கூப்பன். சுரண்டினால் இரண்டாம் பரிசு, 12,60,000 ரூபாய் கார். அதிலிருந்த நம்பருக்குப் பேசினோம். பதிவுக் கட்டணம் 6,500 ரூபாய் என்றார்கள், நேற்று ஜிபேயில் அனுப்பிவிட்டோம். கார் வேண்டாம் என்றால் பணமாகவே தருகிறோம், அதற்கு அரசு வரி 38,400 ரூபாய் கட்டுங்கள் என்று இப்போது கேட்கிறார்கள். என் சங்கிலியை சொசைட்டியில் வைத்தாவது கட்டிவிடலாம் என்கிறார் கணவர். பெங்களூரில் இருக்கும் என் அண்ணனும், கூட வேலை பார்ப்பவருக்கு ஷோரூம் குலுக்கலில் பைக் விழுந்தபோது வரி கட்டித்தான் எடுத்தார் என்கிறார். என்ன செய்வது?

ஆடிட்டர் பதில்: சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும், சகோதரி. அது மோசடிக் கவர். இந்த 38,400-ஐக் கட்டினால் அடுத்து இன்சூரன்ஸ் என்பார்கள், அப்புறம் ஆர்டிஓ செலவு, அதற்கும் அப்புறம் 'ரிசர்வ் வங்கி கிளியரன்ஸ்'. ரிசர்வ் வங்கி யாருக்கும் பரிசுப் பணம் பட்டுவாடா செய்வதில்லை.

கணக்கைப் போட்டாலே குட்டு உடைந்துவிடும். பரிசுக்கு வருமான வரிப் பிடித்தம் 30 சதவீதம். 12,60,000-க்கு 3,78,000 ரூபாய். இவர்கள் சொல்லும் 38,400 எந்தச் சட்டத்திலும் வராத தொகை. உங்களால் புரட்ட முடியும் என்று அவர்கள் மதிப்பிட்ட தொகை. அறுவடை முடிந்து நெல் பணம் கணக்கில் ஏறியிருக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். இன்னொன்று, ரொக்கப் பரிசென்றால் வரியை நீங்கள் முன்கூட்டிக் கட்டவே வேண்டாம். கொடுப்பவர் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார். உங்கள் பரிசு நிஜமாக இருந்தால் 8,82,000 ரூபாய் தானாகக் கணக்குக்கு வந்திருக்க வேண்டும்.

அண்ணன் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. அதைத்தான் இந்தக் கும்பல் பிடித்துத் தொங்குகிறது என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். பரிசு பொருளாக இருந்தால் அதிலிருந்து 30 சதவீதத்தை வெட்டி எடுக்க முடியாது. பைக்கின் பின் சக்கரத்தையா கழற்றி வருமான வரித்துறைக்கு அனுப்புவது? அதனால் வரி கட்டியாயிற்றா என்று உறுதி செய்துகொண்ட பிறகே பொருளைக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். 1,20,000 ரூபாய் பைக் என்றால் 36,000. சில கடைக்காரர்கள் அதைத் தாங்களே ஏற்பார்கள், சிலர் பரிசு விழுந்தவரிடம் வாங்குவார்கள். ஆனால் அங்கே கடை கண்ணெதிரே இருக்கிறது, பைக்கும் நிற்கிறது, குலுக்கலில் சீட்டுப் போட்டதும் அவர்தான். பான் எண் வாங்குவார்கள், பணம் அரசுக் கணக்குக்குப் போகும், வருமான வரி இணையதளத்தில் அவர் பான் எண்ணில் அந்தத் தொகை தெரியும். நீங்கள் எந்தக் கடையில் எந்தச் சீட்டுப் போட்டீர்கள்? உங்கள் ஜிபே ரசீதைத் திறந்து, பணம் யாருக்குப் போனது என்று பாருங்கள். ஒரு தனி ஆள் பெயர் இருக்கும். அரசு வரியை அப்படி ஒரு ஆளின் கணக்கில் வாங்குவது கிடையாது. ஜிஎஸ்டி என்று பேச்சை மாற்றினாலும் இதே பதில்தான்.

உங்கள் பெயரும் விலாசமும் எப்படிப் போயிற்று என்று குழம்ப வேண்டாம். ஆன்லைனில் எப்போதாவது குக்கரோ புடவையோ வாங்கியிருப்பீர்கள். அந்தப் பட்டியல்கள் கைமாறுகின்றன. லாட்டரி விழுந்தது என்று வாட்ஸ்அப்பில் படம் வந்தாலும் திறக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரி தடை. கேரள அரசு லாட்டரி காகிதச் சீட்டு மட்டும்தான், அசல் சீட்டு கையில் இல்லாதவருக்குப் பரிசே இல்லை.

அடுத்ததாக பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் கேட்பார்கள். இதில்தான் எனக்கு அதிக பயம். நம் பக்கத்திலேயே சில புரோக்கர்கள் 'கணக்கை மட்டும் கொடு, மாதம் கொஞ்சம் பணம் தருகிறேன்' என்று கூலி வேலை பார்ப்பவர்களிடம் கேட்கிறார்கள். உங்கள் 6,500 போய் விழுந்ததும் இப்படி வாடகைக்கு விட்ட கணக்காக இருக்கலாம். நாளைக்கு உங்கள் கணக்கில் எவனோ பணத்தைப் போட்டுத் திருப்பி அனுப்பச் சொன்னால், வெளிமாநில போலீஸ் உங்கள் வாசலில் வந்து நிற்கும். கணக்கை முடக்கினால் நெல் பணமும் நூறு நாள் கூலியும் சேர்ந்து முடங்கும்.

சரி, 6,500? இப்போதே 1930-க்கு, அதாவது சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு, போன் செய்யுங்கள். இலவசம். ஜிபே ரசீதில் இருக்கும் 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண், தேதி, நேரம் கையில் இருக்கட்டும். எதிராளி கணக்கில் பணம் இன்னும் கிடந்தால் நிறுத்தி வைப்பார்கள். எடுத்துவிட்டிருந்தால் கஷ்டம்தான். 'மூன்று நாளைக்குள் சொன்னால் பேங்க் திருப்பித் தரும்' என்று யாராவது சொல்வார்கள். அந்த விதி, உங்களுக்குத் தெரியாமல் பிறர் எடுத்த பணத்துக்கு. நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியதற்கு அதைக் காட்ட முடியாது.

பேங்க்கில் கேட்டால் ஸ்டேஷனுக்குப் போ என்பார்கள், ஸ்டேஷனில் மாவட்ட சைபர் க்ரைமுக்குப் போ என்பார்கள், அங்கே ஆன்லைனில் பதிந்துவிட்டு வா என்பார்கள். ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போன பிறகுதான் முதல் காகிதமே நகரும். இந்த அலைச்சலில்தான் பிரௌசிங் சென்டர் வாசலில் ஒருவர் 'ரெண்டாயிரம் கொடுங்க, மீட்டுத் தர்றேன்' என்று ஒட்டிக்கொள்வார். கொடுக்காதீர்கள். புகார் கொடுக்கக் கட்டணமே இல்லை. பத்து நாள் கழித்து 'சைபர் போலீஸ் பேசுகிறேன், உங்கள் பணம் கிடைத்துவிட்டது, சார்ஜ் கட்டுங்கள்' என்று போன் வந்தால் அதுவும் அதே கும்பலின் வேலை.

கணவர் அந்த நம்பரில் திட்டித் தீர்க்கப் போகிறார், விடாதீர்கள். எதுவும் பேசாமல் பிளாக் செய்யச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் அவர்கள் வாட்ஸ்அப்பில் காசோலைப் படம், அடையாள அட்டைப் படம் என்று ஏதாவது அனுப்பியிருந்தால் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். கவரைக் கிழித்துப் போட வேண்டாம். எந்த ஊர் தபால் நிலையத்தில் போட்டது என்பது ஸ்பீட் போஸ்ட் எண்ணில் தெரியும். கூப்பனோடு அந்தக் கவரையும், 1930-இல் தரும் புகார் எண்ணையும் ஒன்றாக வைத்து ஸ்டேஷனுக்கு எடுத்துப் போங்கள்.